பதினாலாவது கேள்வி

மொத்தம் முப்பது கேள்விகள்.
இருபத்தொன்பதைத் தமிழாக்கிவிட்டேன்,
இரண்டு மழை இரவுகளில்,
கரண்ட் போன நேரம் கைபேசி வெளிச்சத்திலும்.
பதினாலாவதில் பேனா மூடியைக் கடித்துக்கொண்டிருக்கிறேன்:
'நான் என்பது கரைந்துபோனதாக உணர்ந்தீர்களா?'
பூச்சியம் என்றால் இல்லவே இல்லை.
ஐந்து என்றால்
வாழ்நாளில் வேறெப்போதும் இல்லாத அளவு.

அந்த நாட்டில் இது இலகுவாயிருந்தது.
திரை போட்ட அறை, கட்டில், கண்பட்டி,
காளானில் பிறந்து ஆய்வுகூடத்தில் வளர்ந்த
இருபத்தைந்து மில்லிகிராம்.
ஆறு மணித்தியாலத்துக்கு ஒரு கதிரை,
கதிரையில் நான்.
ஓய்வுபெற்ற பஸ் சாரதி ஒருவர்
தன் உள்ளங்கையைத் தூக்கிப் பார்த்துப் பார்த்து அழுதார்.
இது எல்லாருடைய கையும் என்றார்.
பிறகு பசிக்கிறது என்றார்.
சூப்புக் குடித்துவிட்டு
ஐந்தைச் சுற்றி வட்டமிட்டார்.
பதினொரு வருடம் இப்படி
மற்றவர்களின் சந்நிதிக்கு வெளியே
செருப்புக் காவல் இருந்தேன்.

'நீங்கள் எடுத்திருக்கிறீர்களா?'
மாநாடு தவறாமல் யாராவது கேட்பார்கள்.
சிரிப்பேன்.
எடுத்தவர்களும் அப்படித்தான் சிரிப்பார்கள்,
எடுக்காதவர்களும்.

திருகோணமலையில் புதன்கிழமை கிளினிக்.
தொண்ணூறு துண்டு, ஒரு மின்விசிறி.
மருந்தகத்தில் மூன்று வகைக் குளிசை;
மூன்றாவது, மாதக் கடைசிக்கு முன்பே முடிந்துவிடும்.
என் ஆய்வு விண்ணப்பம் கொழும்பில்
எந்த மேசையின் ஆடும் காலுக்கு
அண்டை கொடுக்கிறதோ தெரியாது.
கோட்டைப் பக்கமிருந்து வந்த புள்ளிமான்
வெளிநோயாளர் வாசலில் வாழைப்பழத்தோல் தின்கிறது.
அதற்குத் துண்டு தேவையில்லை.

மருந்து இல்லை. கேள்வியாவது இருக்கட்டும் என்று
'மொழிபெயர்ப்புச் சோதனை' என பைலில் எழுதி
மருந்தே எடுக்காதவர்களிடம் கேட்டேன்.

டச்சுக்குடா மரியசீலன்:
'கரையேல்ல டொக்டர், நான் கரையிலதான் நிண்டனான்.
போனது அவையள் மூண்டு பேரும்.'
பூச்சியத்தில் வட்டம் போட்டேன்.
அடுத்த துண்டைக் கூப்பிட
கொஞ்ச நேரம் பிடித்தது.

கிண்ணியா ஹிதாயா டீச்சர்,
முப்பது வருடம் தமிழ் படிப்பித்தவர்,
சிவப்புப் பேனா கேட்டார்:
'காகம் கரையும். உப்புக் கரையும்.
மனுசர் கரைஞ்சா அதுக்குப் பேர் வேற.'
பேரைச் சொல்லவில்லை.
நித்திரைக் குளிசையைக் கைப்பையில் போட்டுக்கொண்டு
இரண்டு மணி பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

சம்பூர் சிவயோகன், எட்டு முகாம் பார்த்தவன்:
'நான் எண்டு எதைக் கேக்கிறியள்?
அடையாள அட்டையில இருக்கிறதையோ?
அது ரெண்டாந்தரம் எடுத்தது.'

அங்கே இறுகிப்போன 'நானை' உடைத்துத் தரச்சொல்லி வந்தார்கள்.
இங்கே உடைந்ததை முடிச்சில் கட்டிக்கொண்டு வருகிறார்கள்.
இந்த இரண்டு வரியும் ஆய்வுக்கட்டுரைக்கு அழகாயிருந்தன.
முடிவுரையில் வைத்தும் விட்டேன்,
சிவயோகன் மறுபடி வரும்வரை.

தாயின் அந்தியேட்டிக்குக் கன்னியா போயிருக்கிறான்.
'நாலாங் கிணத்தில வாளியால ஊத்தேக்க
தண்ணி எது நான் எது எண்டு தெரியேல்ல டொக்டர்.
பயமும் வரேல்ல.
இதுக்கும் நம்பர் இருக்கோ?'
எவ்வளவு நேரம் என்று கேட்டேன்.
'ஒரு வாளி.'

அளவுகோலில் வாளி இல்லை.
முடிவுரையை வெட்டினேன்.
பதினாலாவதில் கரைந்து, அழிந்து, அற்று,
மூன்றையும் வெட்டிவிட்டுப் பென்சிலால் எழுதினேன்:
'தண்ணீர் எது நீங்கள் எது என்று தெரியாமல் போனதா?
எத்தனை வாளி நேரம்?'
எந்தக் குழுவும் இதை ஏற்காது.
பரீட்சார்த்தமாக என் பெயரையே மேலே எழுதி
ஒவ்வொன்றாக நிரப்பிக்கொண்டு வந்தேன்.
பதின்மூன்று வரை எல்லாம் பூச்சியம்.
அதற்கு மேல் கை ஓடவில்லை.
காயட்டும் என்று தாள்களை
ஜன்னல் கட்டில் விட்டுப் போனேன்.

காலையில் சிஸ்டர் நாகபூசணி சொன்னா:
'டொக்டர், உங்கட பேப்பரில பாதிய
மான் திண்டிட்டுது.'
ஓடிப்போய் எந்தப் பக்கம் என்று பார்த்தேன்.
பதினாலு தப்பியிருந்தது,
ஓரத்தில் கொஞ்சம் எச்சில்.